தட்டில் அகப்பட்ட இசை

ஜாஸ் இசையில் ஈடுபாடு கொண்டோரை இரு சாராராகப் பிரித்துப் பேசுவது வழக்கம். ஒரு சாரார் கேட்பவர். மற்றொரு சாரார் சேர்ப்பவர். கேட்பவர் சேர்ப்பவரை நோக்கி, "இவர்கள் இசையை விட்டுவிட்டுத் தட்டின் உறையையும் அதன்மேற் பொறித்த எண்ணையும் வணங்குகிறார்கள்" என்று நகைப்பர். சேர்ப்பவரோ, "எந்த நாளில், எந்த அறையில், யார் யார் கூடி வாசித்தது என்று அறியாமற் கேட்பதும் ஒரு கேள்வியா?" என்று திருப்பிக் கேட்பர். இவ்வழக்கிலே நான் பெரும்பாலும் சேர்ப்பவர் பக்கம் நிற்பவன். எல்லா இசைக்கும் இக்கட்சி பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஜாஸ் இசைக்கு அது பொருந்துவதற்குத் தக்க காரணம் உண்டு.

பீத்தோவனின் ஒரு சிம்பனியைக் குறித்து ஐயம் எழுந்தால் அவர் எழுதிவைத்த இசைக்குறிப்பைப் புரட்டிப் பார்க்கலாம். நேற்று நடந்த கச்சேரி சோடைபோனாலும் நூல் நூலாகவே இருக்கும். ஜாஸ் அப்படியன்று. வாசிப்பவன் அந்தக் கணத்திலே மனோதர்மத்தால் உருவாக்குவதே அங்கே உருப்படி. எழுதப்பட்ட மெட்டு ஒரு சாட்டு மாத்திரமே. அம்மெட்டைச் சிதைத்து, அதன் அடியிலுள்ள சுர அடுக்குகளின் வரிசையை மாத்திரம் வைத்துக்கொண்டு, அவன் அதன்மேற் புதிதாக ஒன்றைக் கட்டுகிறான். கட்டி முடித்த மறுகணம் அது காற்றோடு போய்விடுகிறது. ஆகவே ஜாஸ் இசைக்கு மூலநூல் என்று ஒன்று உண்டானால் அது இசைத்தட்டுத்தான். ஏட்டுச்சுவடி ஆராய்வோன் ஏட்டைப் பார்ப்பதுபோல ஜாஸ் ஆராய்வோன் தட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. செல்லரித்த ஏடு, விடுபட்ட அடி, பிற்காலத்தார் புகுத்திய இடைச்செருகல் ஆகிய யாவும் இங்கும் உண்டு.

முதல் ஏடே கிடைக்காமற் போனது ஜாஸ் வரலாற்றின் தொடக்கத் துயரம். நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே இவ்விசை உருவெடுத்த காலத்தில், கோர்னெற் வாசிப்பதில் ஈடிணையற்றவராகப் போற்றப்பட்டவர் படி போல்டன். அவருடைய வாசிப்பு ஊர் கடந்தும் கேட்கும் என்று முதியோர் பலர் பிற்காலத்திற் சொல்லி வைத்தார்கள். 1907ஆம் ஆண்டில் மனநோயாளர் விடுதியொன்றிற் சேர்க்கப்பட்ட போல்டன் 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு சுரங்கூட இன்று நம்மிடம் இல்லை. மெழுகு உருளையொன்றில் அவர் வாசிப்புப் பதிவானது என்ற கர்ணபரம்பரைக் கதை மாத்திரம் உண்டு. உருளை இதுவரை அகப்படவில்லை. ஜாஸ் என்ற பெயரோடு முதன்முதல் வெளிவந்த தட்டு 1917 பெப்ரவரி 26ஆந் திகதி நியூயோர்க் நகரிலே விக்டர் கம்பனியாரால் பதிவு செய்யப்பட்டது. வாசித்தவர்கள் 'ஒறிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பாண்ட்' என்ற வெள்ளையர் குழுவினர். கறுப்பர் பெற்ற பிள்ளைக்கு வெள்ளையர் பெயரிற் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எழுதப்பட்ட கதை இது. முதல் ஏட்டை மாத்திரம் நம்பி வரலாறு எழுதுவோர் இவ்விடத்திலே வழுக்கி விழுவர்.

கறுப்பினக் கலைஞரின் முதற்பெரும் பதிவுகளுக்கு நாம் 1923 வரை காத்திருக்க வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் கிங் ஒலிவரின் குழு, இந்தியானா மாநிலத்து றிச்மண்ட் நகரில் ஜெனெற் கம்பனியின் பதிவறைக்குச் சென்றது. மின்னொலிவாங்கி வருவதற்கு இரண்டாண்டுகள் இருந்தன. பெரியதொரு புனலின் வாயை நோக்கி எல்லோரும் ஒன்றாக வாசிக்க, அவ்வொலியின் அதிர்வு ஊசி வழியாக மெழுகிலே கோடாக இறங்கும். ஒலிவருக்குத் துணையாக இரண்டாவது கோர்னெற் வாசித்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்றோங். அவர் ஒலி ஏனையோர் ஒலியை விழுங்கிவிடும் என்பதால் அவரைப் பல அடி தொலைவிலே தனியே நிற்க வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அத்தட்டுகளை இன்று கேட்கும்போது இரைச்சலே முதலிற் காதில் விழும். பொறுமையோடு மூன்று நான்கு முறை கேட்டால் இரைச்சல் திரைபோல விலகும். விலகிய பிறகு இரு கோர்னெற்றுகளும் முன்னேற்பாடு எதுவும் இல்லாதனபோல ஒரே மூச்சில் இணைந்து செல்லும் அதிசயம் தெரியும். இரைச்சலைப் பொறுக்கமாட்டாதவனுக்கு இந்த இன்பம் இல்லை. கணினியால் இரைச்சலை நீக்கித் தருகிறோம் என்று பிற்காலத்திற் புறப்பட்டோர் சிலர், இரைச்சலோடு கோர்னெற்றின் உயிரையும் சேர்த்துச் சுரண்டிவிட்டனர். அதைவிடக் கீறலே மேல்.

அக்காலத்துத் தட்டு அரக்கினால் ஆனது. இந்தியக் காடுகளிலே மரக்கொம்புகளிற் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குத்தான். 1942இல் யுத்தத்தின் காரணமாக அரக்கு வரவு குறைந்தபோது, பழைய தட்டுகளைத் திருப்பித் தந்து புதியவற்றைப் பெறும்படி அமெரிக்கக் கம்பனிகள் மக்களைக் கேட்டன. எத்தனையோ அரிய பதிவுகள் அவ்வாறு உருக்கப்பட்டன. நிமிடத்துக்கு 78 தடவை சுழன்ற அப்பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பிடிக்கும். நம்முடைய நாதஸ்வர வித்துவான்களும் இதே மூன்று நிமிடச் சிறைக்குள் இராகத்தை மடக்கிக் காட்ட வேண்டியிருந்தது என்பதை முதியோர் அறிவர். பலர் இதை ஒரு குறையாகவே சொல்வர். நான் அப்படி எண்ணவில்லை. வெண்பாவின் நான்கடி புலவனுக்குச் செய்யும் உதவியை இம்மூன்று நிமிடம் ஜாஸ் கலைஞனுக்குச் செய்தது. 1928 ஜூன் 28இல் ஆம்ஸ்ட்றோங் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' என்ற தட்டைக் கேட்டுப் பாருங்கள். துணைவாத்தியம் எதுவுமின்றித் தனியே அவர் தொடங்கும் சில வினாடிகளுக்குள், கூட்டத்தில் ஒருவனாக ஒலித்த கோர்னெற்றும் டிரம்பெற்றும் தனி நாயகனாக எழுந்து நின்றுவிடுகின்றன. 1939 ஒக்டோபர் 11இல் கோல்மன் ஹோக்கின்ஸ் சாக்சபோனில் வாசித்த 'போடி அண்ட் சோல்' இன்னொன்று. மூல மெட்டை ஆரம்பத்திலே சிறிது தொட்டுவிட்டு அப்பாற் போனவர் அதனிடம் திரும்பி வரவேயில்லை. இரண்டே ஆவர்த்தனம். அதில் ஒரு சுரத்தையேனும் வேண்டாம் என்று தள்ள முடியுமா?

1948 ஜூன் மாதத்தில் கொலம்பியா கம்பனியார் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் அல்ல, சரியாகச் சொன்னால் முப்பத்து மூன்றும் மூன்றிலொன்றும் சுற்றும் நீள்நேரத் தட்டை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. சிறை திறந்ததும் எல்லோரும் ஓடத் தெரிந்தவர்களாக இருந்துவிடவில்லை. வெட்டியாக நீட்டப்பட்ட பதிவுகள் ஐம்பதுகளில் மலிந்தன. டியூக் எலிங்டனோ 1950 டிசம்பரில் தம்முடைய பழைய 'மூட் இண்டிகோ'வைப் பதினைந்து நிமிடத்துக்கு விரித்து, நீளம் எதற்கு உதவும் என்று காட்டினார்.

எலிங்டனின் பெயரை எடுத்தபின் 1956ஆம் ஆண்டு நியூபோர்ட் தட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜாஸ் தட்டுகளின் பொய்யையும் மெய்யையும் ஒருங்கே காட்ட இதைப்போல வேறொன்றில்லை. எலிங்டனின் காலம் முடிந்தது என்று பலரும் பேசத் தொடங்கியிருந்த வேளை அது. ஜூலை 7ஆந் திகதி இரவு, றோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் இசைவிழாவிலே, 1937இல் தாம் இயற்றிய இரு உருப்படிகளை எடுத்துக்கொண்டு, இடையிலே சாக்சபோன் கலைஞர் போல் கொன்சால்வெஸைத் தனியே விட்டார் எலிங்டன். கொன்சால்வெஸ் ஒன்றல்ல, பத்தல்ல, இருபத்தேழு ஆவர்த்தனம் வாசித்தார். சனங்கள் நாற்காலிகளின்மேல் ஏறினர், ஆடினர், ஆரவாரித்தனர். அந்த ஒரே இரவில் எலிங்டனின் புகழ் மீண்டும் உச்சிக்கு ஏறியது. அவ்வாண்டிலேயே கொலம்பியா வெளியிட்ட தட்டு அவர் வாழ்நாளில் மிகுதியாக விற்பனையான தட்டாயிற்று.

ஆனால் அத்தட்டிலே பெரும்பகுதி நியூபோர்ட்டில் வாசிக்கப்பட்டதே அன்று! விழாவுக்கெனப் புதிதாக இயற்றிய உருப்படி சரிவர அமையவில்லை என்று எலிங்டன் கருதியதால், இரு நாட்களின் பின் நியூயோர்க் பதிவறையிலே அதை மறுபடி வாசித்து, கைதட்டலையும் ஆரவாரத்தையும் மேலே ஒட்டிவிட்டார்கள். கொன்சால்வெஸின் வாசிப்பு உண்மையானதே. அதிலோ வேறொரு வில்லங்கம். கொலம்பியாவின் ஒலிவாங்கியை விட்டுவிட்டு, அருகிலிருந்த 'வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா' வானொலியின் ஒலிவாங்கியை நோக்கி அவர் வாசித்துவிட்டார். ஆதலால் வாழ்நாளின் மகத்தான வாசிப்பு, அடுத்த அறையிலிருந்து கேட்பதுபோலத் தட்டிலே பதிவாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அதை அப்படியேதான் கேட்டது. பின்னர் வானொலியின் ஒலிநாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலே அகப்பட்டது. இரு நாடாக்களையும் இணைத்து, உண்மையில் நடந்த கச்சேரி 1999இல் முழுமையாக வெளியிடப்பட்டது. இப்போது கொன்சால்வெஸ் நம் முன்னே நிற்கிறார்.

அப்படியானால் 1956ஆம் ஆண்டுத் தட்டை எறிந்துவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். புதிய பதிப்பு அந்த இரவின் உண்மை. பழைய தட்டோ நாற்பது ஆண்டு இரசிகரின் மனத்திலே வாழ்ந்த உண்மை. இடைச்செருகல் என்று தெரிந்த பாடலையும் பதிப்பாசிரியன் அடிக்குறிப்பிலாவது காப்பாற்றி வைப்பான் அல்லவா?

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' என்ற தட்டின் கதை இதற்குச் சற்றும் குறைந்ததன்று. ஜாஸ் கேளாதோர் வீட்டிலும் காணப்படும் தட்டு அது. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில், முன்னர் தேவாலயமாக இருந்த கொலம்பியாவின் முப்பதாம் வீதிப் பதிவறையிலே பதிவானது. சாக்சபோனில் ஜோன் கோல்ட்றேனும் கனன்போல் அடர்லியும், பியானோவிற் பில் எவன்ஸும் ஒரு பாட்டுக்கு மாத்திரம் வின்ரன் கெலியும் வாசித்தனர். சுர அடுக்குகள் கணத்துக்குக் கணம் மாறும் பழைய நெறியை விட்டு, ஒரு சில சுர வரிசைகளில் நெடுநேரம் நின்று விரிக்கும் நெறியை டேவிஸ் இதிலே கையாண்டார். இராக ஆலாபனை கேட்டுப் பழகிய நம் செவிக்கு இத்தட்டு எளிதில் இணங்குவதற்குக் காரணம் இதுவாகலாம். முதல் நாட் பதிவின்போது ஒலிநாடாப் பொறி சிறிது மெதுவாக ஓடிற்று. அதன் விளைவாக, தட்டின் முதற்பக்கத்து மூன்று பாட்டுகளும் உண்மையான சுருதிக்குச் சற்று மேலே ஒலித்தன. தட்டை ஓடவிட்டுக் கூடவே பியானோ வாசித்துப் பழகிய மாணவன் எவனுக்கும் சுருதி சேர்ந்திராது. 1992ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் இது திருத்தப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! முதற்பதிப்புத் தட்டுக்கு இன்று பெருவிலை கொடுப்போர், தவறான சுருதிக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றனர்.

கம்பனிகள் பதியாது விட்டவற்றைப் பித்தர் சிலர் பதிந்து வைத்தனர். 1942 ஓகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்க இசைவாணர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் தொடங்கிற்று. கம்பனிகளோடு உடன்பாடு முற்றுப்பெற 1944 நவம்பர் ஆயிற்று. 'பீபொப்' என்ற புதிய நெறி முளைவிட்ட காலமும் அதுவே. எனவே அந்நெறியின் பிள்ளைப் பருவம் பெரும்பாலும் செவிக்கு எட்டாது மறைந்தது. ஆயினும் அதற்கு முன்னரே, 1941இல், ஜெரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் சுமந்து செல்லத்தக்க பதிவுப்பொறி ஒன்றுடன் ஹார்லெமின் 'மின்ரன்ஸ்' விடுதிக்குப் போய், இருபத்தைந்து வயதிலே மறைந்த கிற்றார் மேதை சார்லி கிறிஸ்தியனைப் பதிந்து வைத்தார். டீன் பெனடெற்றியோ இன்னும் ஒருபடி மேல். சார்லி பார்க்கர் வாசிக்கும்போது மாத்திரம் பொறியை இயக்குவார். மற்றவர் வாசிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார். 1947, 1948ஆம் ஆண்டுகளில் இவ்வாறு அவர் சேர்த்தவை நெடுங்காலம் கட்டுக்கதை என்றே கருதப்பட்டன. 1990இல் 'மொசைக்' நிறுவனத்தார் அவற்றை ஏழு குறுந்தட்டுகளாக வெளியிட்டபோது கதை மெய்யாயிற்று. கேட்பதற்கு அவை இனியன அல்ல. தலையும் காலும் வெட்டப்பட்ட துண்டுகள். எனினும் பார்க்கர் ஒரே பாட்டை இரவுக்கு இரவு எப்படி மாற்றினார் என்பதை அறிய வேறு வழி நமக்கில்லை.

இங்கே ஒரு முறைப்பாடு உண்டு. ஒரே பாட்டைப் பதிவறையில் நாலைந்து தடவை வாசித்து, நல்லதொன்றைத் தேர்ந்து வெளியிடுவது பண்டைய வழக்கம். தள்ளப்பட்டவையும் பிற்காலத்தில் வெளிவந்தது ஆராய்ச்சிக்கு நன்மையே. ஆனால் குறுந்தட்டுக் காலத்துப் பதிப்பாளர், எண்பது நிமிடத்தையும் நிரப்பியே தீருவது என்று, ஒரே பாட்டின் மூன்று பாடபேதங்களை அடுத்தடுத்துத் திணித்தார்கள். செய்யுளைப் படித்துச் செல்பவன் ஒவ்வோர் அடியின் கீழும் பாடபேதத்தையும் உரக்கப் படிக்க வேண்டும் என்றால் செய்யுள் என்னாவது? அவற்றைக் கடைசியிலே தனியே வைப்பதுதான் முறை.

இனிப் பணம். 'புளூ நோற்' கம்பனியின் தட்டுகளே சேர்ப்போர் சந்தையின் அரசர். ஜெர்மனியிலிருந்து வந்த அல்பிரட் லயன் 1939இல் தொடங்கிய இச்சிறு கம்பனியிலே, அவரோடு சேர்ந்த பேர்லின் நண்பர் பிரான்சிஸ் வுல்ஃப் பதிவறையிற் படம் பிடிப்பார். றீட் மைல்ஸ் அப்படங்களை வெட்டி உறை அமைப்பார். கண்பார்வை சோதித்து மூக்குக்கண்ணாடி எழுதிக்கொடுக்கும் தொழிலினரான ரூடி வான் கெல்டர், நியூஜேர்சியின் ஹக்கென்சாக் ஊரிலே தம் பெற்றோர் வீட்டு விறாந்தையறையிலே ஒலிப்பதிவு செய்வார். 1959 வரை அந்த வீட்டிலே பதிவானவற்றின் பட்டியல் ஒரு காலகட்டத்து ஜாஸ் வரலாறே எனலாம். தட்டின் நடுவட்டத்தில் எந்த முகவரி அச்சாகியிருக்கிறது, ஓரத்திலே காது வடிவத்தில் ஒரு குறி கீறப்பட்டிருக்கிறதா என்று சேர்ப்போர் பூதக்கண்ணாடி கொண்டு தேடுவர். அக்காது உண்மையில் தட்டை அச்சடித்த 'பிளாஸ்ரிலைற்' ஆலையின் பெயர் முதலெழுத்து. இது உள்ளதா இல்லையா என்பதில் விலை பன்மடங்கு வேறுபடும்.

ஹாங்க் மோப்லி என்ற சாக்சபோன் கலைஞர் 1957இல் பதிந்த 1568ஆம் இலக்கத் தட்டு இன்று பல ஆயிரம் டொலருக்கு ஏலம் போகிறது. மோப்லி 1986இல் நோயும் வறுமையுமாக இறந்தார். மேலே சொன்ன கிங் ஒலிவரின் முடிவும் இதுவே. ஆம்ஸ்ட்றோங்கை உலகுக்குத் தந்த அம்மனிதர் பல் கெட்டு, வாத்தியம் வாசிக்க இயலாமல், ஜோர்ஜியாவின் சவன்னா நகரிலே விளையாட்டு மண்டபம் ஒன்றைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்து 1938இல் மறைந்தார். அவருடைய ஜெனெற் தட்டொன்றுக்கு உலகில் ஒரே பிரதிதான் எஞ்சியுள்ளதாகச் சேர்ப்போர் சொல்வர். இதை எழுதும்போது சேர்ப்போர் பக்கம் நிற்கும் எனக்கும் நா எழவில்லை. தட்டின் விலையில் ஒரு சதமேனும் வாசித்தவனுக்குப் போனதில்லை.

எனினும் நியாயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2008 ஜூன் முதலாந் திகதி ஹொலிவூட்டில் யூனிவேர்சல் நிறுவனத்தின் வளவிலே மூண்ட தீயில், ஜாஸ் பதிவுகள் உட்படப் பல மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. இது 2019இலேதான் பொதுமக்களுக்கு விரிவாகத் தெரியவந்தது. அழிந்தவை எத்தனை என்பதில் நிறுவனத்தாருக்கும் மற்றோருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மூலநாடா போனபின் மிஞ்சுவது, யாரோ ஒருவர் வீட்டிலே தூசி தட்டி, நிமிர்த்தி அடுக்கி வைத்திருக்கும் அத்தட்டுத்தான். கைத்தொலைபேசியிலே எல்லாம் கிடைக்கும் இந்நாளிலும் இது மாறவில்லை. அங்கே கிடைப்பது எந்தப் பதிப்பு, திருத்தியதா திருத்தாததா, வாசித்தவர் யார் என்பதை அது பெரும்பாலும் சொல்வதில்லை. தட்டின் உறை சொன்னது.

புதிதாகக் கேட்கத் தொடங்கும் மாணவர் எதை வாங்குவது என்று கேட்பதுண்டு. நூறு தட்டு வேண்டாம். மேற்சொன்ன ஆம்ஸ்ட்றோங், ஹோக்கின்ஸ், டேவிஸ் மூன்றும் போதும். ஒன்றை ஒரு கிழமை வைத்துக் கேட்கட்டும். முதல் நாள் டிரம்பெற்றை, அடுத்த நாள் அடியிலே நடக்கும் பெரிய பிடிலை மாத்திரம், அதற்கடுத்த நாள் மேளத்தை என்று ஒவ்வொன்றாகப் பின்தொடரட்டும். கோல்ட்றேனின் 'எ லவ் சுப்ரீம்' போன்றவற்றை ஆறு மாதம் தள்ளி வைப்பதில் நட்டமில்லை. 1964 டிசம்பர் முதல் காத்திருக்கும் தட்டு இன்னும் சிறிது காத்திருக்கும்.

நான்காவதாக ஒன்று கேட்டால், எலிங்டனின் 'ஃபார் ஈஸ்ட் சுவீற்' என்பேன். 1963இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டிலே அவர் தம் குழுவோடு கீழைநாடுகளிற் பயணம் செய்தார். சென்னையிலும் நம் கொழும்பிலும் வாசித்தார். கென்னடி கொலையுண்ட செய்தியோடு அப்பயணம் இடையில் நின்றது. அந்நினைவுகளைக் கொண்டு அவரும் பில்லி ஸ்ட்றேஹோர்னும் அமைத்த உருப்படிகள் 1966 டிசம்பரில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்தன. அவற்றுள் ஜோனி ஹொட்ஜஸ் வாசிக்கும் 'இஸ்பஹான்' தனித்து நிற்பது. பாரசீக நகரத்து மாடங்களும் மாலை வெயிலும் அதிலே தோன்றுவதாக எத்தனையோ விமர்சகர் எழுதியிருக்கின்றனர். ஸ்ட்றேஹோர்ன் அதைப் பயணத்துக்குச் சில மாதம் முன்னரே வேறொரு பெயரில் எழுதி முடித்திருந்தார்.